கழுத்துச் சாய்வுள்ள சிசுக்கள்: வீட்டுப் பயிற்சி இடையில் நிற்பது ஏன்?

நமது நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. பிறவியிலேயே அமையும் எலும்பு, தசைக் குறைபாடுகளுள் கழுத்துச் சாய்வு மூன்றாவது இடத்தில் வைத்து எண்ணப்படுகிறது. இடுப்பு மூட்டு விலகலும் வளைபாதமும் அதற்கு முன்னிற்பவை. ‘டார்ட்டிகாலிஸ்’ என்று மருத்துவர்கள் வழங்கும் இக்குறைபாடு 1,000 குழந்தைகளில் 3 முதல் 20 பேர் வரை காணப்படுவதாகப் பிற நாட்டு ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இம்மதிப்பீட்டின் கீழெல்லையை மட்டும் நமது பிறப்புத் தொகைக்குப் பொருத்திப் பார்த்தாலும் ஆண்டுக்கு 69,000 குழந்தைகள் என்றாகிறது. மேலெல்லையைக் கொண்டால் நாலரை லட்சத்தையும் தாண்டும்.

இது உயிருக்கு ஊறு செய்யும் நோயன்று. மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. பழகிய இரு கைகளும், நாள் தவறாத பயிற்சியும், சில மாதப் பொறுமையும் போதுமானவை. ஆகவே செலவற்ற சிகிச்சை என்று இதனைக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அரசின் கணக்கில் அது செலவற்றதே. தாயின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

தசையும் அதன் விறைப்பும்

காதின் பின்புறத்து எலும்பு மேட்டிலிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசை, கழுத்தின் இரு புறமும் உண்டு. இவற்றுள் ஒன்று குறுகி விறைத்துவிடின் தலை அப்புறமாகச் சாயும். முகவாய் எதிர்ப்புறம் திரும்பி நிற்கும். வலத் தசை விறைத்த குழந்தை வலத்தோள் பக்கம் தலையைச் சாய்த்து, இடப்புறத்தையே நோக்கிக் கொண்டிருக்கும். கருப்பையில் இடநெருக்கடி, குழந்தை தலைமாறிக் கிடத்தல், கடினமான பிரசவம் ஆகியவற்றுடன் இக்குறைபாடு தொடர்புடையது. தாயின் நடத்தையோ, கிரகண காலத்தில் அவள் செய்த செயலோ இதற்குக் காரணமில்லை. இதனைப் பயிற்சியின் முதல் நாளிலேயே வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நலம்; பழி சுமத்தப்பட்ட தாய் குழந்தையின் கழுத்தைத் தொடவே அஞ்சுவாள்.

சில குழந்தைகளுக்குத் தசையில் சிறு கட்டி போன்ற தடிப்பு தோன்றும். இது பெரும்பாலும் பிறந்த அன்றே தென்படுவதில்லை. இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பின்னரே கைக்குத் தட்டுப்படுகிறது. எனவே பிரசவம் முடிந்து இரண்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படும் குழந்தையை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் இது தப்பிவிடக்கூடும். பின்னர் சில மாதங்களில் தடிப்பு தானே கரைந்துவிடும். கட்டி கரைந்தது கண்டு நோய் தீர்ந்தது என்று பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். கட்டி மறைந்த பின்னும் தசையின் விறைப்பு நீடிக்கலாம்.

கழுத்து சாய்ந்த குழந்தைகள் அனைவருக்கும் இத்தசையே காரணம் என்றும் கொள்ளலாகாது. கழுத்தெலும்புகள் பிறவியிலேயே இணைந்திருத்தல், கண்பார்வைக் கோளாறு, நரம்புக் கோளாறு ஆகியவற்றாலும் தலை சாயும். இடுப்பு மூட்டுக் குறைபாடும் சிலருக்கு உடனிருக்கும். ஆதலால் மருத்துவர் பார்த்து உறுதி செய்யும் முன்னர் எவரும் கழுத்தை நீட்டும் பயிற்சியைத் தொடங்குதல் கூடாது.

காலத்தின் விலை

அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இத்துறையில் பெரிதும் பின்பற்றப்படுகின்றன. குழந்தைக்கு ஒரு மாதம் நிறையுமுன் பயிற்சி தொடங்கின், 98 சதவீதத்தினருக்கு ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் கழுத்தசைவு இயல்புக்கு அருகில் வந்துவிடுகிறது என்று அது கூறுகிறது. ஒரு மாதத்துக்குப் பின் தொடங்கினால் ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கினாலோ ஒன்பது, பத்து மாதங்கள் வேண்டும், பலனும் குறைவு.

இதனை உழைப்புக் கணக்காக மாற்றிப் பார்ப்பது பயன் தரும். நாளொன்றுக்கு ஐந்து முறை, முறைக்குப் பத்து நிமிடம் என்று கொள்வோம். குழந்தையைத் தூக்கி, அமைதிப்படுத்தி, பயிற்சி செய்து, மீண்டும் படுக்கவைக்கும் நேரமெல்லாம் இதில் அடக்கம். நாளுக்கு 50 நிமிடம் ஆகிறது. ஒன்றரை மாதத்தில் முடியும் சிகிச்சைக்கு 37½ மணி நேரம் செலவாகும். ஆறு மாதம் நீளும் சிகிச்சைக்கு 150 மணி நேரம் செலவாகும். குறைபாட்டைக் கண்டுபிடிப்பதில் நேரும் ஒரு மாதத் தாமதம் தாயின் உழைப்பை நான்கு மடங்காக்குகிறது. தாமதத்துக்குப் பொறுப்பு சுகாதார அமைப்பினுடையது. அதன் விலையைச் செலுத்துபவள் தாய். பிறகு அவள் பயிற்சியைக் கைவிட்டாளென்றால், ‘பெற்றோர் ஒத்துழைக்கவில்லை’ என்று நோயாளிக் குறிப்பில் எழுதப்படுகிறது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களை ஊதியமின்றிச் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இதன் மேல் வருவதே பயிற்சிக்கான 50 நிமிடம். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அளித்த 26 வார மகப்பேறு விடுமுறை, பத்து பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கே உரியது. வயல் வேலைக்கும் செங்கற்சூளைக்கும் செல்லும் பெண்ணுக்கு அத்தகைய விடுமுறை இல்லை.

பயிற்சி எதனால் நிற்கிறது?

வீட்டில் செய்யவேண்டியவை மிகச் சிலவே. விறைத்த தசையை மென்மையாக நீட்டுவதற்கு இரு அசைவுகள் உள்ளன. வலப்புறம் விறைத்த குழந்தைக்கு இடக்காது இடத்தோளை நெருங்குமாறு தலையைச் சாய்த்தல் ஒன்று. முகவாய் வலத்தோளை நோக்குமாறு திருப்புதல் மற்றொன்று. இரண்டிலும் குழந்தையின் தோள் மேலெழாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். இது இருவர் சேர்ந்து செய்யும்போது எளிது. எஞ்சியவை நாளெல்லாம் கலந்து நடப்பவை: விழித்திருக்கையில் அருகிலிருந்தபடி குப்புறப் படுக்கவைத்தல், திரும்பத் தயங்கும் பக்கத்தில் கிலுகிலுப்பையைக் காட்டி அழைத்தல், அப்பக்கம் திரும்பிப் பால் குடிக்குமாறு ஏந்திக்கொள்ளல், தொட்டிலின் திசையை மாற்றுதல் ஆகியன.

சொல்வதற்கு இவ்வளவே. செய்யத் தொடங்கும்போது முதலில் எதிர்ப்படுவது குழந்தையின் அழுகை. அழுகின்ற சிசுவின் கழுத்தை அழுத்திப் பிடிப்பது பெற்ற மனத்துக்கு இயல்பான செயலன்று. பயிற்சி வலிக்கக்கூடாது, குழந்தை திமிறினால் நிறுத்திவிடவேண்டும், மூச்சுத் திணறலோ நிறமாற்றமோ காணின் உடனே விட்டு மருத்துவரை நாடவேண்டும் என்பவை முறையான அறிவுரைகள். ஆயின் எந்த அழுகை சலிப்பினால் வருவது, எது வலியால் வருவது என்று பிரித்தறியக் கற்றுத்தரப்படாத தாய், எல்லா அழுகையையும் வலியென்றே கொள்கிறாள். மூன்று, நான்கு மாதமாகும்போது குழந்தைக்கு வலுக்கூடுகிறது, எதிர்ப்பும் கூடுகிறது. தாமதமாகத் தொடங்கிய பல குடும்பங்களில் பயிற்சி நிற்பதற்கு ஏற்ற பருவம் இதுவே.

அழுகையைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்திலும், பாதி குணம் கண்டவுடன் பயிற்சி தளர்ந்துவிடுகிறது. தலை நிமிர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆயின் களைத்துப்போனாலோ உறங்கும்போதோ பழைய பக்கமே சாயும். உறவினர் கண்ணுக்குத் தெரியாத குறைக்காகத் தாய் நாள்தோறும் பாடுபடுவதை வீட்டார் ஏற்பதில்லை.

மற்றொரு தடை முதியோரின் பழக்கங்களிலிருந்து வருகிறது. இதில் சற்று நிதானம் தேவை. தமிழ்நாட்டில் குழந்தைக்கு ‘உரம் விழுந்துவிட்டது’ என்று கூறி, அனுபவமுள்ள மூதாட்டியிடம் கொண்டுபோய்ப் புடவையிலிட்டு உருட்டி எடுக்கும் வழக்கம் உண்டு. கழுத்துச் சாய்வும் இவ்வழியே அவரிடம் சென்று சேர்கிறது. பயிற்சி தொடங்கவேண்டிய வாரங்கள் இதில் கழிவதுடன், சிசுவைக் குலுக்குவதில் ஆபத்தும் உள்ளது. வட மாநிலங்களில் தலை உருண்டையாக அமையவேண்டும் என்று கடுகு நிரப்பிய தலையணையில் சிசுவைப் படுக்கவைக்கின்றனர். இது தலையை ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறது. மேலும் சிசுவுக்குத் தலையணையே கூடாது என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. இவற்றை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் பாட்டியோ மருத்துவச்சியோ நாள்தோறும் சிசுவை மடியில் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் வழக்கமும் இருக்கிறது. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. பயிற்சியைக் கற்கவேண்டியவர் பல வீடுகளில் பாட்டியே ஆவார். மருத்துவமனையில் அவரை வெளியே அமரச் செய்துவிட்டுத் தாய்க்கு மட்டும் கற்பித்து அனுப்புவது, பாதி வேலையைச் செய்யாமல் விட்டதற்குச் சமம்.

இடப்பெயர்ச்சியும் கவனத்துக்குரியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது பல மாநிலங்களில் வழக்கம். ஓர் ஊரில் கற்ற பயிற்சியை, சில மாதம் கழித்து வேறோர் ஊரில், வேறு மனிதர்களிடையே தொடரவேண்டியிருக்கிறது. முதல் ஊரின் ஆஷா பணியாளரின் பதிவேடு அவளுடன் செல்வதில்லை. செல்வது தாய்-சேய் பாதுகாப்பு அட்டை ஒன்றுதான்.

இவற்றுடன் கற்பிக்கும் முறையின் குறையும் சேர்கிறது. 2010இல் ஸ்வீடனில் 20 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்ற ஒரு சிறு ஆய்வில், இயன்முறை சிகிச்சையாளரே தசையை நீட்டிய குழந்தைகளுக்குக் கழுத்தசைவு ஏறத்தாழ ஒரு மாதத்தில் சீரடைந்தது. பெற்றோர் செய்த குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. கல்வியும் விடுப்பும் வசதியும் உள்ள நாட்டிலேயே இந்த வேறுபாடு இருந்தது. சிறு ஆய்வாதலால் இதை மிகைப்படுத்தலாகாது. எனினும் அக்கறையுள்ள பெற்றோராலும் பயிற்சி பெற்ற கைகளின் திறனை எட்ட இயலவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பத்து நிமிடம் காட்டிக்கொடுத்து, ஒரு படத்தாளையும் கையில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வருமாறு அனுப்பும் முறையிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்க இயலும்?

நமது திட்டங்களில் உள்ள இடைவெளி

2013 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறாரைச் சோதித்து 30 உடல்நலக் கோளாறுகளைக் கண்டறிய வகை செய்தது. பிறவிக் குறைபாடுகளில் ஒன்பது அப்பட்டியலில் இடம்பெற்றன. வளைபாதமும் இடுப்பு மூட்டு விலகலும் அவற்றுள் உள்ளன. கழுத்துச் சாய்வு இல்லை. வளர்ச்சித் தாமதம் என்னும் தலைப்பின்கீழ் இக்குழந்தைகளுள் சிலரைச் சேர்க்கலாம். ஆனால் தாமதம் வெளிப்படும் வரை காத்திருந்தால் முதல் மாதம் என்னும் பொன்னான காலம் என்றோ கடந்து போயிருக்கும். பட்டியலில் இல்லாத ஒன்றை எவரும் தேடுவதில்லை. தேடாததற்குக் கணக்கும் இல்லை.

மேற்கண்ட இரு குறைபாடுகளையும் பட்டியலில் சேர்த்தது சரியான முடிவே. அவற்றைக் கவனியாமல் விட்டால் விளையும் ஊனம் பெரிது. வளைபாதத்துக்கும் வீட்டில்தான் சிகிச்சையின் பெரும்பகுதி நடக்கிறது. மாவுக்கட்டுகள் முடிந்த பின், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கைந்து வயது வரை உறங்கும்போதும் காலணிப் பட்டையை அணியவேண்டும். குறை திரும்பி வருவதற்குப் பட்டையை விட்டுவிடுவதே முதன்மைக் காரணம் எனக் கண்டறிந்த பின்னர், வளைபாதச் சிகிச்சை மையங்களில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளும், பெற்றோரிடம் பேசுவதற்கென்றே ஓர் ஆலோசகரும் ஏற்படுத்தப்பட்டனர். பெற்றோர் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். வராதவருக்குத் தொலைபேசி செல்கிறது. கழுத்துச் சாய்வுக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் திட்டத்தில் குறிக்கப்படவில்லை.

இதற்குப் புதிய பணியாளரோ புதிய கட்டடமோ தேவையில்லை. 2011இல் தொடங்கிய வீடுசார் சிசுப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வீட்டில் சென்று காண்கிறார். தசைத் தடிப்பு தோன்றும் காலமும், சிகிச்சை தொடங்கவேண்டிய காலமும் 14, 21, 28ஆம் நாட்களுடன் அப்படியே ஒத்து வருகின்றன. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, முகவாய் இரு தோள்களையும் சமமாக நோக்குகிறதா, எப்பொழுதும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அவருடைய படிவத்தில் இதற்கொரு வரி இல்லாவிடில் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது. ஊக்கத்தொகை வருகைக்குத் தரப்படுகிறது. படிவத்தில் இருப்பது பார்க்கப்படுகிறது. இதில் அவரைக் குறை கூற ஏதுமில்லை. எந்த அலுவலகத்திலும் நடைபெறுவது இதுவே.

42ஆம் நாளுக்குப் பின்னர்தான் இடைவெளி விழுகிறது. சிறு குழந்தைகளுக்காக 2018இல் தொடங்கிய வீட்டு வருகைத் திட்டம் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களை வகுத்துள்ளது. ஒன்றரை மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையே வீட்டு வருகை இல்லை. பயிற்சி மிகத் தீவிரமாக நடைபெறவேண்டியதும், தாய் தளர்ந்து போவதும் இக்காலத்திலேயே. எனினும் 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தை தடுப்பூசிக்கு வருகிறது. அன்று தாயிடம், “பயிற்சி செய்கிறாயா?” என்று கேட்பதால் பயனில்லை, “ஆம்” என்றே விடை வரும். பெற்றோர் தாமே கூறும் கணக்கு மிகையாக இருப்பது எல்லா நாடுகளிலும் உள்ளதே. “செய்து காட்டம்மா” என்று கேட்டால், தோளைப் பிடிக்க மறந்திருப்பது, பக்கம் மாறிப்போயிருப்பது, அஞ்சி அரைகுறையாகத் திருப்புவது ஆகியவை அங்கேயே தெரிந்துவிடும். அங்கேயே திருத்தவும் இயலும். கைப்பேசி உள்ள வீடுகளில் வாரம் ஒரு முறை, குழந்தையை ஒரே நிலையில் கிடத்தி எடுக்கும் புகைப்படமும் உதவும். நாள்தோறும் பார்ப்பவருக்குப் புலப்படாத முன்னேற்றம் நான்கு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரியும். தாய்க்கு ஊக்கம் தருவதற்கு அதுவே போதும். தந்தைக்கும் மாமியாருக்கும் காட்டுவதற்கும் ஆகும்.

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இயன்முறை சிகிச்சையாளர் பணியிடம் வகுக்கப்பட்டுள்ளது. மாவட்டத் தலைநகருக்கு 60, 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர்ப் பெண் ஒரு வருகைக்கு ஒரு நாள் கூலியையும், தன்னுடன் வருபவரின் கூலியையும், பேருந்துக் கட்டணத்தையும் இழக்கிறாள். வாரந்தோறும் அவளை அழைப்பது நடவாத காரியம். முதல் மாதத்தில் இரு முறை அங்கு வந்து கற்றபின், தொடர் கவனிப்பைத் தடுப்பூசி நாட்களிலும், 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலைமருத்துவ வசதி மூலமாகவும் நடத்துவது செலவுக்கும் நேரத்துக்கும் ஏற்றது. பயிற்சியின் பெயர், விறைத்த பக்கம், தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் தாய்-சேய் அட்டையில் குறித்துவிட்டால், அவள் எந்த ஊருக்குச் சென்றாலும் அடுத்த செவிலியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிராது.

பயிற்சி தவறியவர்களுக்கு இறுதி வழி அறுவைச் சிகிச்சை. பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பின்னர், மாதக்கணக்கில் முயன்றும் பலன் காணாத குழந்தைகளுக்கு விறைத்த தசையை வெட்டியோ நீட்டியோ சரிசெய்கின்றனர். மயக்க மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும் உடனிருப்போரின் வேலையிழப்பும் இதன் செலவுகள். அதற்குப் பின்னும் கழுத்து மீண்டும் சுருங்காமலிருக்க வீட்டில் பயிற்சி செய்தே ஆகவேண்டும். முதல் மாதத்தில் கற்பிக்கப்படாத பயிற்சி, வலுவும் பிடிவாதமும் வளர்ந்த குழந்தைக்கு, வடு ஆறாத கழுத்தில், அதே தாயிடம் திரும்பி வருகிறது.

சிகிச்சையை எப்பொழுது நிறுத்தலாம் என்பதற்கும் 2018ஆம் ஆண்டு நெறிகளில் அளவுகோல் உண்டு. இரு புறத்து அசைவுக்கும் வேறுபாடு 5 பாகைக்குள் வரவேண்டும். தலைச் சாய்வு கண்ணுக்குத் தெரியக்கூடாது. வயதுக்கேற்ற அசைவுகள் இரு பக்கமும் சமமாக இருக்கவேண்டும். இனி எதைக் கவனிக்கவேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதன் பின்னரும் 3 முதல் 12 மாதங்களுக்குள், அல்லது குழந்தை நடக்கத் தொடங்கும்போது, மீண்டும் ஒரு முறை சோதிக்கவேண்டும் என்று அந்நெறிகள் கூறுகின்றன. 12ஆம் மாதத்திலும் 15ஆம் மாதத்திலும் ஆஷா பணியாளர் அவ்வீட்டுக்கு எப்படியும் செல்கிறார். குழந்தை நடப்பதையும் அவர் பார்க்கிறார். கழுத்தையும் பார்க்குமாறு சொல்லும் வரி ஒன்று அவருடைய படிவத்தில் இன்னும் சேர்க்கப்படவேண்டியிருக்கிறது.